மகாமகத்துக்குள் ஆள் தயாராகுமா?

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028 மாசியில். இன்றைக்கு ஒரு வருடப் படிப்பில் சேருகிற பிள்ளை அதற்குள் வேலைக்குப் போயிருக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், நாகூர், வேளாங்கண்ணி என்று டெல்டா முழுக்க யாத்திரைக்காரர்களும் சுற்றுலாக்காரர்களும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். லாட்ஜ்காரர்கள் ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். படித்து முடித்த பிள்ளைகள் வேலை கிடைக்கவில்லை என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்.

படிப்புக்குப் பஞ்சமில்லை. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் ஓட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கிறது. அது போக ஐ.டி.ஐ.க்கள், தனியார் கேட்டரிங் கல்லூரிகள், திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் நடக்கும் குறும்படிப்புகள். சான்றிதழும் கையோடு வந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சான்றிதழோடு வருகிறவருக்கு மெத்தை விரிப்பின் மூலையை மடிக்கத் தெரியாது. பெருங்காயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. பெரிய கோயில் நந்தி யார் காலத்தது என்று கேட்டால் ராஜராஜன் என்பார்.

பாடத்திட்டத்தைத் திருத்தக் கமிட்டி போடுவதைவிடக் கடைசி நாள் தேர்வைத் திருத்துவது மலிவு, பலனும் சீக்கிரம் தெரியும். "ஹவுஸ்கீப்பிங் என்றால் என்ன? ஐந்து வரிகளில் எழுதுக" என்று கேட்கிற தேர்வுக்கு எந்த ஆசிரியரும் அந்த ஐந்து வரியைத்தான் மனப்பாடம் பண்ணவைப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கலைத்துப்போட்ட ஓர் அறையைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து "முப்பது நிமிடம்" என்று சொன்னால் அதே ஆசிரியர் அடுத்த மாதமே இரண்டு கட்டிலுக்கு ஏற்பாடு பண்ணிவிடுவார். இந்தப் பதிவில் சொல்வதெல்லாம் அந்தத் தேர்வைத் துறைவாரியாக எப்படி வைப்பது, அதற்கு என்ன பழக்க வேண்டும் என்பதுதான்.

அறையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதிக ஆள் தேவைப்படுவது அங்கேதான்.

விருந்தினர் காலி பண்ணிவிட்டுப் போன அறைக்கு 30 நிமிடம். மாணவர் உள்ளே போகும் முன் தேர்வாளர் ஐந்து குறைகளை ஒளித்து வைக்க வேண்டும்: டி.வி. ரிமோட்டில் பேட்டரியை எடுத்துவிடுவது, ஒரு பல்பைத் தளர்த்துவது, குளியலறை வடிகாலில் முடி, அலமாரிக்குள் முந்தைய விருந்தினரின் சார்ஜர், ஒரு துண்டு குறைவு. சுத்தம் பண்ணுவதற்குப் பாதி மதிப்பெண், இந்த ஐந்தையும் கண்டுபிடித்து எழுதிக்கொடுப்பதற்குப் பாதி. வேலைக்குப் போனபின் புகார் வருவதெல்லாம் இந்த மாதிரி விஷயத்தில்தான். தரை மினுங்கவில்லை என்று யாரும் ரிசப்ஷனுக்கு போன் பண்ணுவதில்லை.

வரிசை முக்கியம். கதவைத் தட்டி, குரல் கொடுத்து, பதில் இல்லையென்றால் மறுபடி தட்டி, பிறகு திறப்பது. திரையை விலக்கி, ஏ.சி.யை அணைத்துக் காற்று வர விடுவது. அடுத்து நேரே குளியலறைக்குப் போய்க் கழிப்பறைக் கோப்பையிலும் வாஷ்பேசினிலும் மருந்தை ஊற்றிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். தேய்ப்பது அப்புறம். மருந்து கறையோடு பத்து நிமிடமாவது கிடந்தால்தான் வேலை செய்யும், உடனே தேய்த்தால் கைதான் வலிக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் குப்பையை எடுத்து, படுக்கையைக் கலைத்து, புது விரிப்பு போட்டுவிடலாம். மேலிருந்து கீழாகத் தூசி துடைத்து, குளியலறையை முடித்து, தரையைக் கடைசியில், உள்ளிருந்து வாசலை நோக்கித் துடைத்துக்கொண்டே வெளியேறுவது. தரையை முதலில் துடைப்பவர்கள் அதை இரண்டாம் முறையும் துடைப்பார்கள்.

அழுக்கு விரிப்பைத் தரையில் போடக் கூடாது, நேரே பைக்குள். புதியதை மெத்தையின் நடுக்கோட்டுக்குச் சரியாக வைத்து, கால்மாட்டிலும் தலைமாட்டிலும் உள்ளே செருகி, மூலையில் தொங்குகிற பகுதியை 45 பாகையில் மேலே தூக்கி மெத்தை மேல் வைத்து, கீழே மிஞ்சுவதைச் செருகி, தூக்கியதை இறக்கிச் செருக வேண்டும். நாலு மூலையும் ஒரே மாதிரி வரும்வரை தினமும் பத்து தடவை போடச் சொன்னால் ஒரு வாரத்தில் கை படிந்துவிடும். இதற்குப் பவர்பாயின்ட் தேவையில்லை.

துடைக்கிற துணி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கழிப்பறைக்கு ஒரு நிறம், வாஷ்பேசினுக்கு ஒன்று, மேசை நாற்காலிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. எந்த நிறம் எதற்கு என்பது அந்தந்த இடத்தின் முடிவு, மாறாமல் இருந்தால் சரி. பழைய துண்டால் தண்ணீர் டம்ளரைத் துடைக்கிற பழக்கம் தேர்வில் ஒரு தடவை கண்ணில் பட்டாலும் அன்றைக்குத் தேர்ச்சி கிடையாது என்று விதி வைக்கலாம். கடுமைதான். ஆனால் அந்த டம்ளரில்தான் விருந்தினர் ராத்திரி மாத்திரை போட்டுக்கொள்வார்.

கடலோரத்துக்குத் தனியாக ஒரு பாடம் வேண்டும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், குழாயிலும் ஷவரிலும் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதை நீக்க அமிலம் கலந்த மருந்துதான் சரி. அதே மருந்து மார்பிளிலோ கடப்பாக் கல்லிலோ பட்டால் பளபளப்பு போய்க் கல் அரித்துவிடும், திரும்ப வராது. அமில மருந்து ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. "ரெண்டையும் சேர்த்துப் போட்டா நல்லா வெளுக்கும்" என்கிற நம்பிக்கை இன்னும் பல லாட்ஜ்களில் இருக்கிறது. முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

இனி வழிகாட்டி. டெல்டாவின் பலமே இங்கேதான் இருக்கிறது, பலவீனமும் இங்கேதான். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் அதோடு சேர்ந்தன. உலகத்தரமான சரக்கு கையில் இருக்க, அதைக் காட்டுகிறவர் பாதி நேரம் வாட்ஸ்அப் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது அதில் தலையாயது. இதைப் பொய் என்று வகுப்பில் சொல்லி என்ன பயன்? மாணவர்களைக் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அனுப்பி நிழலைப் படம் எடுத்து வரச் சொல்ல வேண்டும். மார்கழியில் நடுப்பகலிலேயே வடக்குப் பக்கம் தரையில் நிழல் கிடக்கும். அந்த மாதம் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கிறது, விமானமோ 200 அடியை எட்டுகிற உயரம். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருகிற ஒன்றிரண்டு நாள் நடுப்பகலில் கோபுரமானாலும் கொடிக்கம்பமானாலும் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இதை இப்படியே விருந்தினருக்கும் சொல்லலாம். கட்டுக்கதையைவிட இதுதான் சுவையாக இருக்கிறது. உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதும் அப்படித்தான், அது பல கற்களைச் சேர்த்து அமைத்தது. நந்தி நாயக்கர் காலத்தது.

பயிற்சியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கத் தாள் தயாரிக்கச் சொல்ல வேண்டும். தாளில் மூன்று பத்தி: கல்வெட்டிலோ ஆவணத்திலோ இருப்பது, ஆய்வாளர்கள் சொல்வது, ஊரில் நம்புவது. மூன்றாவது பத்தியை அடித்துவிட வேண்டாம், விருந்தினர் விரும்பிக் கேட்பது அதைத்தான். "இந்த ஊர்ல இப்படிச் சொல்லுவாங்க" என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதும். முதல் பத்திக்குப் பெரிய கோயிலில் நல்ல பயிற்சி ஒன்று உண்டு. தான் கொடுத்ததும் தன் அக்கன், அதாவது அக்கா, கொடுத்ததும் பெண்டுகள் கொடுத்ததும் மற்றவர்கள் கொடுத்ததும் "ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக" என்று ராஜராஜன் சொன்ன கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, ஓர் எழுத்தையாவது விரலால் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டுகிற வழிகாட்டியை விருந்தினர் அதற்குப் பிறகு நம்புவார். தொடாமல் காட்ட வேண்டும் என்பதையும் அப்போதே பழக்கிவிட வேண்டும்.

தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைச் சின்னப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விளையாட்டாகச் சொல்லலாம். தரங்கம்பாடியில் 1620, 1706, 1845 என்ற மூன்று ஆண்டுகள் போதும்: டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டியது, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியது, ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனது. முப்பது ஆண்டுகளை ஒப்பிக்கிற வழிகாட்டியிடம் இரண்டாவது நிமிடத்திலேயே ஆட்கள் செல்போனை எடுத்துவிடுகிறார்கள்.

வெயிலும் பாடத்தில் இருக்க வேண்டும். பெரிய கோயில் கல்தளம் முற்பகலிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும், வெறுங்காலோடு நிற்கிற விருந்தினர் காதில் எதுவும் ஏறாது. நின்று பேச வேண்டியதைத் திருச்சுற்று மாளிகை நிழலில் பேசிவிட்டு, வெளியே காட்ட வேண்டியதை மட்டும் விறுவிறுவென்று காட்ட வேண்டும். வெளியில் நிற்கும்போது சூரியனைப் பார்த்து வழிகாட்டி நிற்க வேண்டும், விருந்தினருக்குச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நிற்கிறார்கள்.

வழிகாட்டித் தேர்வு இப்படி: ஒரே இடம், 15 நிமிடம். யாருக்குச் சொல்கிறோம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆந்திராவிலிருந்து வந்த வயதானவர்கள், வெளிநாட்டுத் தம்பதி என்று சீட்டில் இருக்கட்டும். முடிவில் இரண்டு கேள்வி, அதில் ஒன்று யாருக்குமே பதில் தெரியாத கேள்வி. "தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்" என்றால் முழு மதிப்பெண். அங்கேயே ஒரு கதையை அவிழ்த்துவிட்டால் பூஜ்யம்.

சுவாமிமலை பட்டறைக்கு ஆள் கூட்டிப்போகிறவர்களுக்கு மெழுகு வார்ப்பைப் பிழையில்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் முதலில் நைசான காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மேலே கெட்டி மண் பூசிக் கம்பி கட்டி, சூடேற்றி மெழுகை வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சில் ஈரம் மிஞ்சியிருந்தால் ஆவி கிளம்பி உலோகம் தெறிக்கும். அச்சு ஆறிப்போயிருந்தால் விரல் நுனி வரை உலோகம் போய்ச் சேராது. ஓர் அச்சில் ஒரு சிலைதான், மண்ணை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். விலை ஏன் அவ்வளவு என்பதற்கு இந்த ஒரு வாக்கியமே போதும், "டிஸ்கவுன்ட் வாங்கித் தர்றேன்" என்று சொல்லவே தேவையிராது. கமிஷன் பேச்சையும் வகுப்பில் மறைக்காமல் எடுத்துவிடுவது நல்லது. கமிஷனுக்காக மூன்று கடை ஏற்றி இறக்குகிற வழிகாட்டியைப் பற்றி விருந்தினர் இணையத்தில் எழுதுவதை அச்செடுத்து வாசிக்கக் கொடுத்தால் போதும்.

சமையலறை. கேட்டரிங் படிப்பில் வெள்ளை சாஸ் கிண்டக் கற்றுக்கொண்ட பையனுக்கு இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற கும்பகோணம் கடப்பா தெரியாது, திருவையாற்று அசோகா அல்வா தெரியாது. இது சரிசெய்ய எளிதான குறை. ஊரில் கைதேர்ந்த சமையற்காரரை வாரம் ஒரு நாள் கூப்பிட்டு, அளவைத் தராசில் வைத்து எழுதிக்கொண்டால் ஒரு செமஸ்டருக்குள் பதினைந்து உருப்படியாவது சேரும். "கண்ணளவு" என்று அவர் சொல்வதை எடை போட்டுப் பார்க்கிற வேலை மாணவருடையது.

இதைவிடக் கனமானது ஒவ்வாமை. வெளிநாட்டு விருந்தினர் "கோதுமை ஆகாது" என்றால் நம் ஆள் சப்பாத்தியை நிறுத்திவிட்டுச் சாம்பாரைக் கொண்டுவந்து வைப்பார். கடையில் விற்கிற கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், பொட்டலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆக சாம்பார், ரசம், மோர்க்குழம்பு மூன்றும் போச்சு. வீகன் என்பவருக்கு நம் சைவச் சாப்பாடு சரிப்படாது. நெய், தயிர், பால் எதுவும் கூடாது, பொங்கலில் ஊற்றிய நெய் கண்ணுக்குத் தெரியாது. குருமாவில் அரைத்த முந்திரியும் தெரியாது. பரிமாறுகிறவருக்கான தேர்வில் மெனு கார்டைக் கையில் கொடுத்து, "எனக்கு முந்திரி ஆகாது, எதைச் சாப்பிடலாம்?" என்று கேட்க வேண்டும். யோசிக்காமல் பதில் சொல்கிறவர் தோற்றார். "உள்ளே கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்று போய்க் கேட்டு வருகிறவர் ஜெயித்தார்.

வெப்பநிலைக்கு ஒரே ஒரு கருவி, குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர். சூடாக வைக்க வேண்டியது 65 பாகை செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது, குளிரில் வைக்க வேண்டியது 5 பாகைக்கு மேல் ஏறக் கூடாது. ஐஸ் தண்ணீரில் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டாத கருவியால் பயனில்லை. நம் ஊரில் ஆபத்து மிஞ்சிய சாதத்தில்தான் அதிகம். அகலமான தட்டில் பரப்பி ஆறவிடாமல் அண்டாவோடு மூடி வைத்தால் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நிற்கும், அங்கே கிருமி பெருகி நஞ்சை விட்டுவிடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் வரம்பு உண்டு. எண்ணெய் காயக் காய அதில் சேருகிற மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி.

ரிசப்ஷனில் ஒரு சமாசாரத்தை மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். லாட்ஜ்காரர்கள் வாயில் இதற்குப் பெயர் "சி ஃபார்ம்". பிழை வருகிற இடங்கள் எப்போதும் அவையேதான்: பாஸ்போர்ட் எண் கட்டத்தில் விசா எண், மாதமும் தேதியும் இடம் மாறுவது, இந்தியாவுக்கு வந்த தேதிக்குப் பதில் லாட்ஜுக்கு வந்த தேதி, குடும்பப் பெயரை முதற்பெயராக எழுதுவது. மாதிரிப் பாஸ்போர்ட் நகல்கள் இருபது செய்து வைத்து, ஒன்றை நாலு நிமிடத்தில் பிழையில்லாமல் ஏற்றச் சொல்லலாம்.

மொழிக்கு "ஸ்போக்கன் இங்கிலீஷ்" என்று 60 மணி நேரம் ஒதுக்குகிறார்கள், இலக்கணத்தில் ஆரம்பித்து இலக்கணத்திலேயே முடிகிறது. வேலைக்கு வேண்டியது அறுபது வாக்கியம். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், நடை எப்போது சாத்துவார்கள், செருப்பை எங்கே விடுவது, இது காரமா. அவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வர வேண்டும். இந்த அறுபதையும் இந்தியிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் பழக்கினால், பிரெஞ்சு வகுப்பு வைப்பதைவிட வேளாங்கண்ணியிலும் திருநள்ளாற்றிலும் நூறு மடங்கு உபயோகம்.

நாள்காட்டிதான் பெரிய சிக்கல். படிப்பு ஆனியில் தொடங்கி வைகாசியில் முடிகிறது, சீசன் அதைப் பார்த்து வருவதில்லை. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டவர்களும் ஐயப்ப பக்தர்களும், தையிலேயே பெரும்பாலும் திருவையாறு ஆராதனையும். சேர்க்கையைப் பங்குனியிலேயே முடித்து, கோடையில் அடிப்படையைக் கற்றுக்கொடுத்து, வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு முதல் சுற்றுப் பயிற்சிக்கு அனுப்பி, மழைக்காலத்தில் வகுப்புக்குத் திருப்பிக்கொண்டுவந்து பிழைகளைத் திருத்தி, மார்கழியில் இரண்டாம் சுற்றுக்கு அனுப்ப வேண்டும். ஒரே மூச்சில் ஆறு மாதம் அனுப்பினால் பையன் ஆறு மாதமும் தட்டு கழுவிவிட்டு வருவான். இடையில் வகுப்பு இருந்தால் "என்ன வேலை கொடுத்தார்கள்" என்று கேட்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும்.

அப்ரன்டிஸ் (பழகுநர்) சட்டம் 1961லிருந்து இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு விருப்பம் இருந்தால் எடுக்கலாம். டெல்டா லாட்ஜ்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. ஓனர் ஒருவரிடம் நாலு பையன்களை விடச் சொன்னால் தயங்குவார். ஒரே தெருவில் ஐந்து லாட்ஜைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கு ஒருவர், மாதம் ஒரு முறை இடம் மாற்றிக்கொள்வது என்று பேசினால் ஒப்புக்கொள்வார்கள். உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1500 ரூபாய், தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு தருகிறது என்பதை ஓனரிடம் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். படிவத்தைப் பூர்த்தி செய்துகொடுக்கவும் ஆள் வேண்டும். அது பயிற்சி நிலையத்தின் வேலை.

கற்றுக்கொடுப்பவர் வருடத்துக்கு இரண்டு வாரம், சீசன் நேரத்தில், ஏதாவது ஒரு லாட்ஜில் சீருடை போட்டு வேலை பார்த்து வரட்டும். எதிர்ப்பு வரும். வந்தாலும் இதை விடக் கூடாது.

ஓட்டுநர்களைச் சுற்றுலாத் தொழிலாளர் என்றே யாரும் எண்ணுவதில்லை. விருந்தினரோடு நாள் முழுக்க இருப்பவர் அவர்தான். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சோதித்துச் சான்றளிக்கிற குறுகிய பயிற்சி போதும், அதற்கான நல்ல தேர்வு நவகிரக வட்டம். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். முதல் ஐந்தை அதற்கு முன் முடித்து, மூடுகிற நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கி, கடைசியில் திருநள்ளாற்றுக்கு வருகிற மாதிரி ஒரு நேர அட்டவணையை எழுதச் சொல்ல வேண்டும். திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இருப்பதால் பெர்மிட் காகிதத்தையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். அட்டவணையில் வயதான பெண்கள் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று குறைந்தது நாலு இடமாவது குறித்திருந்தால்தான் அந்த ஓட்டுநருக்குச் சான்றிதழ்.

கடைசியாகப் பணம். புதிதாகத் தொடங்குகிற நிலையங்கள் முதல் காசில் புரொஜக்டரும் ஏ.சி. வகுப்பறையும் வாங்குகின்றன. ஐந்தாறு தெர்மாமீட்டர், இரண்டு கட்டில், நாலு செட் வெள்ளை விரிப்பு, நாலு நிறத் துணி, ஒரு தராசு. மூன்று மாதம் இவற்றைத் தேய்த்துத் தீர்த்தபிறகு மிச்சக் காசு இருந்தால் புரொஜக்டரை வாங்கிக்கொள்ளட்டும்.